நனைந்தால் திறக்கும் கார்

அந்த வெள்ளைக் கார் தாடிக்கொம்பு ரோட்டிலிருந்து எங்கள் ஷெட்டுக்குள் திரும்பியபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நம்பரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வருடமாக, தூக்கம் வருவதற்கு முன்னால், அந்தக் காரை மனதுக்குள் பலவிதமாக அழித்திருக்கிறேன். சிறுமலை வளைவு ஒன்றிலிருந்து உருட்டிவிட்டிருக்கிறேன். அய்யலூர் ஆட்டுச்சந்தையின் நடுவில் நிறுத்தி, உள்ளே பாஸ்கல் சாரை வைத்துப் பூட்டி, ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டுப் போகும்படி செய்திருக்கிறேன். அவர் உள்ளேயிருந்து வாயை அசைப்பார். ஒரு சத்தமும் வெளியே வராது. பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஓட்டி வந்தது பாஸ்கல் சார் இல்லை. அவருடைய மகள் அனிஷா. அவளை நான் ஒரே ஒரு முறை, தூரத்திலிருந்து, வெள்ளை நெட் முக்காட்டோடு பார்த்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்ததில்லை.

"பாய், லாக்கு தானாத் தெறந்துக்குது" என்று ஷெட் முதலாளி ஜெகபர் அலி பாயிடம் சொன்னாள். "ரிமோட்டுல பூட்டிட்டு உள்ள போயிட்டு வந்து பாத்தா நாலு கதவும் தெறந்து கெடக்கு. சில வாரம் ஒண்ணுமே இல்லாம நல்லாயிருக்கும். மூணு எடத்துல காமிச்சாச்சு."

"என்னத்த மாத்துனாங்க?"

"ஒருத்தர் ரிமோட்டுக்குப் பேட்டரி போட்டாரு. ஒருத்தர் டிரைவர் கதவுல லாக் மோட்டார மாத்துனாரு. இன்னொருத்தர் கண்ட்ரோல் பாக்ஸே போச்சுன்னு புதுசு மாட்டுனாரு. அதுக்கப்புறமும் தெறக்குது. வர்ற திங்கக்கெழம தம்பி ரொனால்டுக்குக் கல்யாணம். இதுதான் மாப்ள காரு. போன தடவ மாதிரி ஆயிறக் கூடாதுன்னு அப்பாவுக்குப் பயம்."

"போன தடவ என்னம்மா ஆச்சு?"

"என் கல்யாணத்துல காருக்குள்ள வச்சிருந்த மாப்ள மோதிரத்த ஒரு எலக்ட்ரீசியன் திருடிட்டான் பாய். மொத நாள் ரிப்பேருக்குக் குடுத்த எடத்துல கள்ளச்சாவி போட்டு வச்சிருக்கான்."

ஜெகபர் அலி பாய் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் காரின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பெயின்ட். ஒரு கீறல்கூட இல்லை.

அந்த எலக்ட்ரீசியன் நான்தான். கிதர் முகம்மது. அப்போது எனக்கு பேகம்பூரில் சொந்தக் கடை இருந்தது. கல்யாணத்துக்கு முந்திய நாள் ஹாரன் அடிக்கவில்லை என்று பாஸ்கல் சார் காரை விட்டுப்போனார். விடியற்காலையில் சரிசெய்து அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சாவியைக் கொடுத்தேன். "பூசைக்கு வந்துட்டுச் சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றார். போனேன். மோதிரம் மாற்றும் நேரத்தில் அவர் மாதா கோயிலிலிருந்து வெளியே ஓடிவந்து ரிமோட்டை அமுக்கிக் கதவைத் திறந்தார். டாஷ்போர்டில் வைத்த சிவப்புப் பெட்டி இல்லை. கார் பூட்டியது பூட்டியபடி இருந்ததாக ஊரறியச் சொன்னார். அப்படியானால் சாவி வைத்திருந்தவன்தானே எடுத்திருக்க வேண்டும்.

கோயில் வாசலில் என்னை அறைந்தார். பிறகு என் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். ஒரு டெஸ்டரும் இன்சுலேஷன் டேப்பும் ஹாஜ்மோலா பாக்கெட்டும் விழுந்தன. சாயங்காலம்வரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கிடைக்காததால் அனுப்பிவிட்டார்கள். உள்ளே மாப்பிள்ளை தன் சித்தப்பாவின் மோதிரத்தை, நூல் சுற்றி இறுக்கி, போட்டுக்கொண்டாராம்.

பாஸ்கல் சார் முப்பது வருஷம் சயின்ஸ் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். எட்டாம் வகுப்பில் நானும்தான். அவர் சொன்னால் சொன்னதுதான். மூன்றே மாதத்தில் என் கடைக்கு வண்டி வருவது நின்றது. வந்த ஒன்றிரண்டு பேரும் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு ஜெகபர் அலி பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

"கிதரு" என்றார் ஜெகபர் அலி பாய் மெதுவாக. "வேணாம்னா சொல்லு. அனுப்பிருவோம்."

"இருக்கட்டும் பாய். நான் பாக்குறேன்."

நான் எந்தக் காரையும் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்பேன். கோளாறு எங்கே என்று கேட்க மாட்டேன்; எப்போது என்று கேட்பேன். எங்கே என்பதை வண்டிக்காரர்கள் தப்பாகத்தான் சொல்வார்கள்.

"கடேசியா எப்பத் தெறந்துச்சு?"

அனிஷா யோசித்தாள். "போன வாரம். வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்தன்னைக்கு."

"அதுக்கு முந்தி?"

"அந்தச் சித்திரை மழையில ஒருநா… அப்புறம் திருநாளன்னைக்கு அப்பா காரக் கழுவி விட்டாரு, அன்னைக்கும். அட, ஆமா. நனைஞ்சாத் தெறக்குது."

"வெயிலடிக்கிற ஷெட்டுக்குள்ள வச்சுப் பாத்தா எப்படித் தெரியும்" என்றேன். அவள் காரை விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரிசெய்யும் எண்ணம் எனக்கு இல்லை. டிரைவர் கதவில் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிவிட்டால் போதும். பூட்டச் சொன்னால் அந்த ஒரு கதவு திறக்கும், திறக்கச் சொன்னால் பூட்டும். பாஸ்கல் சார் மற்ற மூன்று கதவையும் பூட்டிவிட்டு, நாலும் பூட்டியதாக நம்பி நடந்துபோவார். எங்கேயாவது ஒரு நாள் எவனாவது கைவைப்பான். அவர் இன்னொரு மனிதனை அறைவார். அந்தக் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் ஸ்பேனரை எடுத்தேன்.

கதவுக்கும் உடம்புக்கும் நடுவில், கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குள் போகும் ஒயர் எல்லாம் அதற்குள்ளேதான் போகும். முன்பு பார்த்த மூன்று பேரும் கதவுக்குள்ளே தேடியிருக்கிறார்கள், டாஷ்போர்டுக்குக் கீழே தேடியிருக்கிறார்கள்; நடுவில் இருந்த இந்த ஒரு சாண் குழாயை விட்டுவிட்டார்கள். அதைத் தள்ளியபோது என் விரலில் ஏதோ குத்தியது.

கட்டுக்கம்பி. கட்டிடத்தில் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே, அது. விரல் நீளம் இருக்கும். ஒரு முனை கீலின் போல்ட்டைச் சுற்றியிருந்தது. மறு முனை ரப்பரைக் குத்திக்கொண்டு உள்ளே போய், ஒரே ஒரு ஒயரின் தோலைக் கிழித்து நின்றது. காய்ந்திருந்தால் துரு நடுவில் தடுத்துவிடும். நனைந்தால் அந்த ஒயர் கம்பி வழியாகக் கார் உடம்பைத் தொடும். எங்கள் தொழிலில் 'எர்த் அடிக்கிறது' என்போம். அது கதவைத் திறக்கச் சொல்லும் ஒயர். எர்த் அடித்தால் யாரோ சாவி போட்டுத் திறந்ததாகக் கார் நினைத்துக்கொள்ளும். நாலு கதவையும் திறந்துவிடும்.

கம்பியின் முறுக்கில் கறுத்துப்போன ஒரு ரோஜாக் காம்பு சிக்கியிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த விடியற்காலை அப்படியே திரும்பி வந்தது. நிலக்கோட்டையிலிருந்து வந்த பூக்காரர் நூலால் மாலை கட்டிக்கொண்டிருக்க, பாஸ்கல் சார் குறுக்கே வந்து, "நூலுல கட்டுனா காத்துல பிச்சுக்கிட்டுப் போயிரும்யா, தள்ளு" என்றார். பக்கத்தில் கட்டிட வேலை நடந்த வீட்டிலிருந்து துருப்பிடித்த கட்டுக்கம்பி எடுத்துவந்தார். என்னைப் பார்த்து, "கிதரு, கட்டிங் பிளேயரக் குடு" என்றார். கொடுத்தேன். கீலில் சுற்றி முறுக்கி, அவரே கட்டினார். பிறகு பூ வாடாமல் இருக்க வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார்கள்.

அன்றைக்குக் கார் பூட்டியிருக்கவில்லை. திறந்து கிடந்த காருக்கு அவர் ஓடிவந்து ரிமோட்டை அமுக்கியிருக்கிறார். அந்தப் பதற்றத்தில், திறந்த கதவுதான் திறந்தது என்பது யாருக்குத் தெரியும்?

கதவுகளைப் பூட்டிவிட்டு ஒரு மக்குத் தண்ணீரைக் கீலில் ஊற்றினேன். டக். நாலு கதவும் திறந்தன. துடைத்துக் காயவைத்துப் பூட்டினேன். ஊற்றினேன். டக். மறுபடியும். பதினோராவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முடிஞ்சுதாப்பா?" என்று பாய் உள்ளேயிருந்து கேட்டார்.

"முடிஞ்சது பாய்" என்றேன்.

கம்பியை எடுக்கவில்லை. ரப்பரை மேலே இழுத்து, முன்பு இருந்ததுபோலவே மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்க வந்தவன் ரொனால்டு. என்னைக் கண்டதும் பைக்கிலிருந்து இறங்காமலே நின்றான்.

"கிதர் அண்ணே. நீங்க இங்கயா இருக்கீங்க?"

"வேற எங்க இருப்பேன்னு நெனச்ச?"

அனிஷாவின் கல்யாணப் பூசை நடந்த முக்கால் மணி நேரமும் இவன் என்னோடுதான் இருந்தான். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், டீக்கடையின் தகரத் தடுப்புக்குப் பின்னால், அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு சிகரெட் குடித்தான். நான் டீ குடித்தேன். எந்தக் கார் எவ்வளவு வேகம் போகும் என்று பேசிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டுத்தான் வாசலுக்கு வந்தோம். அவன் அப்பா என்னை அறைந்தபோது இவன் அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"அன்னைக்கே சொல்லிருக்கணும்ணே" என்றான் இப்போது. "பூசை நேரத்துல சிகரெட் குடிச்சேன்னு தெரிஞ்சா அப்பா கொன்னுருப்பாரு. அதான்…"

"இன்னைக்குச் சொல்லு. இப்ப என்ன, உன்னைய பெஞ்சு மேல ஏத்தி விடவா போறாரு?"

"நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டாண்ணே? பொண்ணு வீட்டுக்காரங்கல்லாம் வந்து எறங்கிட்டாங்க. எல்லாம் முடியட்டும். ஒருநா ஒக்காந்து பொறுமையாச் சொல்லிர்றேன். சத்தியமா."

"சரிப்பு."

"லாக்கு சரியாயிருச்சா?"

"அமுக்கிப் பாரு."

அமுக்கினான். பூட்டியது. அமுக்கினான். திறந்தது. மேலே மேகமே இல்லை. அவன் முகம் மலர்ந்தது.

"கல்யாணத்துக்கு வாங்கண்ணே" என்றான். போகிற போக்கில் சொல்கிற வார்த்தைதான்.

"கட்டாயம் வாரேன்" என்றேன்.

மறுநாள் காலை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். கோயில் வாசலில் இரண்டு வீட்டு ஆட்களும் நின்றிருந்தார்கள். கார் ரோஜாவும் சாமந்தியுமாக வந்து நின்றது. கோட்டு போட்ட ரொனால்டு இறங்கிப் படியில் நின்றான். பாஸ்கல் சார் ரிமோட்டை அமுக்கிக் காரைப் பூட்டினார். விளக்கு கண்ணடித்தது.

"சார்" என்றேன்.

திரும்பினார். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி ஆனது. "நீ எங்கடா இங்க வந்த?"

"உங்க மகன்தான் கூப்புட்டாரு சார். லாக்க பாத்து அனுப்புனதும் நான்தான். பூட்டிருக்கான்னு இழுத்துப் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பல முகங்கள் அன்றைக்கும் இருந்தவை. அவர் இழுத்தார். பூட்டியிருந்தது. பூவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பூக்காரரிடமிருந்து பாட்டிலை வாங்கி, கதவு இடுக்கின் வழியாகக் கீலில் மூன்று முறை அடித்தேன்.

டக்.

இந்தக் காட்சியை மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டியிருந்தேன். அதில் கூட்டம் எப்போதும் வாயடைத்து நிற்கும். நிஜத்தில், பின்னாலிருந்து ஒருவர், "பாத்தியா, சாவியே இல்லாமத் தெறக்குறான்" என்றார். "அன்னைக்கும் இதத்தான்யா பண்ணிருக்கான்" என்றார் பக்கத்திலிருந்தவர். ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

நான் அந்தப் பிடியோடே கதவைத் திறந்து ரப்பரைத் தள்ளினேன். பாஸ்கல் சாரின் கண் கீலுக்குப் போனது. கம்பியைப் பார்த்துவிட்டார். முறுக்கைப் பார்த்துவிட்டார். "இப்பப் போயிருப்பா" என்றார் தணிந்த குரலில். "எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." அந்தத் தணிந்த குரலில்தான் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நீங்க அடிச்சுப் பாருங்க சார்" என்று பாட்டிலை நீட்டினேன். "தண்ணி கரண்ட கடத்தும்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதான்."

அவர் வாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அனிஷா வந்து பாட்டிலை வாங்கினாள். அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டையும் எடுத்தாள். கீலைத் துணியால் துடைத்தாள், கதவைச் சாத்திப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், தண்ணீர் அடித்தாள். டக்.

"இப்ப நானும் திருடியா?" என்று என் காலரைப் பிடித்திருந்தவரிடம் கேட்டாள். அவர் கையை எடுத்தார். அவள் கதவைத் திறந்து, குனிந்து கம்பியைத் தொட்டாள். "இது யாரு கட்டுனதுப்பா?"

பாஸ்கல் சார் கோயில் வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுல இன்னமும் அந்த நூல் சுத்துன மோதிரத்தச் சொல்லிக் காமிக்கிறாங்க. கேக்குறேன்ல. யாரு கட்டுனது?"

"நான்தான்" என்றார் அவர். பிறகு, முப்பது வருஷம் வகுப்பில் பேசிய குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி: "நான் கட்டுன கம்பிதான். தண்ணி பட்டுக் கதவு தெறந்து கெடந்துருக்கு. இவரு எடுக்கல."

இவரு. எட்டாம் வகுப்பிலிருந்து அன்றுவரை என்னை அவர் 'டா'வும் 'பா'வும் போட்டுத்தான் பேசியிருக்கிறார். அந்த ஒரு 'ரு'வைக் கேட்கத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். கேட்டுவிட்டேன். அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

மணப்பெண்ணின் அத்தை இஞ்ஞாசியம்மாள் முன்னால் வந்தாள். "இவரு எடுக்கலன்னா அப்ப யாரு எடுத்தது சம்மந்தி?"

"தெறந்து கெடந்த காரு. ரோட்டுல போற எவனாவது…"

"ரோட்டுல போறவனுக்கு டாஷ்போர்டுல மோதிரம் இருக்குறது எப்படித் தெரியும்? வீட்டாளுக்குத்தான தெரியும்?"

யாரோ சொன்னார்கள்: "அன்னைக்கு மோதிரம் மாத்துறப்ப ரொனால்ட காணமேன்னு தேடுனோமே." இன்னொருவர்: "அதுக்கடுத்த மாசந்தான புது பைக்கு வாங்குனான்?" யாரும் குரலை உயர்த்தவில்லை. கூட்டத்தின் கண்கள் மட்டும் என்னைவிட்டு நகர்ந்து, படியேறி, ரொனால்டின் மேல் போய் நின்றன. அப்போதுதான் வந்து நின்ற பெண் வீட்டுக் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்த மணப்பெண் நான்சி அப்படியே இருந்தாள்.

"நான் டீக்கடையில இருந்தேன்" என்றான் ரொனால்டு. "பின்னாடித் தெருவுல."

"அந்தக் கடையே இப்ப இல்லையேப்பா" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "கூட யாரு இருந்தா?"

"இவரு. கிதர் அண்ணன். முழுக்க என்கூடத்தான் இருந்தாரு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால் என் சொல்லுக்கு அந்த வாசலில் ஒரு மதிப்பும் இல்லை. இப்போது நான் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். பாஸ்கல் சார் கைகளைக் கூப்பவில்லை, ஆனால் இரண்டு கையும் நெஞ்சுவரை வந்துவிட்டன. ரொனால்டு என்னை நேராகப் பார்த்தான். ஷூவைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருசம் ஆச்சு" என்றேன். "யாரு இருந்தா, யாரு இல்லன்னு எனக்கு ஞாபகம் இல்ல."

கூட்டம் வழிவிட்டது. என் பைக்கில் ஏறி வந்துவிட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பூசை தொடங்கினால் மணி அடிக்கும், அந்த இடம்வரை கேட்கும். இஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்து நின்றேன். சரக்கு ரயில் ஒன்று வந்தது, நீளமானது. அது போய் முடியும்வரை மணி அடித்ததா இல்லையா என்று தெரியவில்லை. போய் முடிந்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினால் மூன்று நிமிடத்தில் கோயிலுக்குப் போய்விடலாம். ஒரு வரி சொன்னால் போதும்.

கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் தண்டவாளத்தைத் தாண்டி நேராகப் போனேன்.